மருமகளின் வட்டத்தில்

ஜூன் 3, செவ்வாய்

இன்று முதல் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மருத்துவர் இருக்கிறார். கூடத்து மேசையில், பழத்தட்டுக்கும் டிவி ரிமோட்டுக்கும் நடுவில், டேப்லட்டுக்குள் இருக்கிறார். கூப்பிட்டால் வருவார். செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டியதில்லை, காபி கொடுக்க வேண்டியதில்லை.

நெல்லையப்பனின் அலுவலகம் ஊழியர்களின் குடும்பங்களுக்கு வாங்கிக் கொடுத்திருக்கும் திட்டம். (அலுவலகத்தில் என் மகனை 'நெல்ஸ்' என்கிறார்கள். டென்மார்க்காரன் என்று யாராவது நினைத்தால் நான் மறுப்பதற்கில்லை.) செயலிக்கு ஒரு பூவின் பெயர். திறந்தால் நான்கு வட்டங்கள். முதலாவதில் அவன், 'முதன்மை உறுப்பினர்' என்ற பட்டத்தோடு. இரண்டாவதில் என் மருமகள் சுபாஷிணி. மூன்றாவதில் நான். நான்காவதில் படம் இல்லை, ஒரு கூட்டல் குறி மட்டும்.

“அது என்னய்யா, கூட்டல்?”

“அது… இன்னொரு ஆள் சேத்துக்கலாம்மா. பிறகு.”

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சுபாவின் கை நின்றது, மறுபடி நகர்ந்தது. அவர்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம். இந்த வீட்டில் 'பிறகு' என்ற சொல்லைப் பார்த்துத்தான் புழங்க வேண்டும்.

என் வட்டத்தை அவனே கேள்வி கேட்டு நிரப்பினான்.

“பிரஷர்?”

“இருக்கு.”

“சுகர்?”

“இல்லை.”

“முட்டி வலி?”

“எந்த முட்டி?”

“வேற ஏதாச்சும் இருந்தா சொல்லும்மா. டாக்டர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் மறைக்கக் கூடாது.”

“வேற என்ன இருக்கப் போவுது.”

மாலையில் என் துணிகளைக் கையால் துவைத்துக்கொண்டேன். “மெஷின்லயே போட்டுறலாமுங்கத்தை,” என்றாள் சுபா. மெஷினில் போட்டால் சேலை நைந்துவிடுகிறது என்றேன். பாலியெஸ்டர் சேலை. நைவதற்கு அதில் ஒன்றுமில்லை.

ஜூன் 5, வியாழன்

நேற்று பீட்ரூட் பொரியல். அதனால்தான் இருக்கும்.

ஜூன் 7, சனி

இனிமேல் பீட்ரூட் வாங்க வேண்டாம் என்று சுபாவிடம் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. எதையும் துருவிக் கேட்கிற பெண் இல்லை. கரூர்க்காரர்களுக்கு அந்தப் பெருந்தன்மை உண்டு.

என் குளியலறை அலமாரியில் புதிய நாப்கின் பாக்கெட் ஒன்று இருக்கிறது. சுபாவின் பொருள்கள் அவர்கள் அறைக் குளியலறையில்தான் இருக்கும். மறதியாக இங்கே வைத்திருப்பாள். இளம் வயதிலேயே மறதி.

ஜூன் 8, ஞாயிறு

பீட்ரூட் இல்லை.

நாட்குறிப்பில்கூட சுற்றி வளைப்பது என் வயதுக்கு அழகில்லை. எழுதிவிடுகிறேன். ஐம்பத்திரண்டில் எனக்கு மாதவிலக்கு நின்றது. இப்போது அறுபத்தொன்று. சென்ற மாதத்திலிருந்து மறுபடி இரத்தம் படுகிறது. கொஞ்சம்தான். சில நாள் இல்லை. இல்லாத நாட்களில் நான் அதை நம்புவதில்லை; இருக்கிற நாட்களில் நினைப்பதில்லை.

முப்பத்து நான்கு வருடம் அரசு நூலகங்களில் வேலை பார்த்தவள் நான். பகுப்பு எண் 618, பெண்களுக்கான மருத்துவம். கோவில்பட்டிக் கிளையில் அந்த அலமாரி வரலாற்றுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி இருந்தது. அங்கே எந்தப் பெண்ணும் நின்று நான் பார்த்ததில்லை. ஆனால் புத்தகங்கள் நைந்துகொண்டே இருந்தன. இரண்டு சமையல் புத்தகங்களுக்கு நடுவில் வைத்து நீட்டுவார்கள். நான் தலைப்பைப் பார்க்காமல் முத்திரை குத்துவேன். நாகரிகம் என்பது இருவரும் ஒரே நேரத்தில் வேறெங்கோ பார்ப்பது.

என் கணவர் உயிரோடு இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று யோசித்தேன். மாட்டேன். அவர் தலைப்பைப் பார்க்கிற ஆள்.

ஜூன் 10, செவ்வாய்

நெல்லையப்பன் அலுவலகம் போய்விட்டான். சுபா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை. காதில் கருவி மாட்டிவிட்டால் இடி விழுந்தாலும் கேட்காது. நான் கூடத்தில் டேப்லட்டைத் துடைத்தேன். துடைத்ததில் திறந்துகொண்டது.

என் வட்டத்தைத் தொட்டேன். மூட்டு, இரத்த அழுத்தம், சர்க்கரை, ஞாபகம், தனிமை. அவ்வளவுதான். அறுபதுக்கு மேல் ஒரு பெண்ணுக்கு இவற்றைத் தவிர எதுவும் இருக்க முடியாது என்று செயலியைச் செய்தவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். கடைசியில் 'மற்றவை' என்று ஒன்று இருந்தது. அதை அழுத்தினால் ஒரு வரி வந்தது: ஆலோசனைச் சுருக்கம் முதன்மை உறுப்பினருக்கு அனுப்பப்படும். அதாவது என் மகனுக்கு.

மூடிவிட்டேன். சுபாவின் வட்டத்தில் 'பெண்கள் நலம்' என்ற பகுதி இளஞ்சிவப்பில் பளிச்சென்று இருந்தது. அவளுக்கும் சுருக்கம் நெல்லையப்பனுக்குத்தான் போகும். ஆனால் மனைவியின் பெயரில் பெண்கள் சமாசாரம் வந்தால் எந்தக் கணவன் படிக்கிறான்? அவனுடைய அப்பா படித்ததில்லை. இதுதான் என் ஆராய்ச்சி. ஒரு நூலகருக்கு இன்னும் நல்ல ஆதாரம் வேண்டும் என்பது பிறகுதான் தோன்றியது.

முதல் கேள்வி: கடைசி மாதவிடாய் எந்தத் தேதி? கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று சிவப்பில் நட்சத்திரம். நாட்காட்டியைப் பின்னால் தள்ளினேன். ஓராண்டுக்கு மேல் போக மறுத்துவிட்டது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் இருந்திருக்கலாம் என்பதையே அது ஏற்கவில்லை. ஏதாவது போட்டால்தான் அடுத்த பக்கம். சித்திரை ஒன்றைப் போட்டேன், ஏப்ரல் பதினான்கு. நினைவில் நிற்கும் என்பதற்காக.

டாக்டர் மிருதுளா வந்தார். நல்ல பெண், அவசரமான குரல்.

“சுபாஷிணி, கேமரா ஆன் பண்ணுங்க.”

“கெட்டுப்போச்சுங்க டாக்டர்.”

“பரவால்ல. தொண்டை கட்டியிருக்கா?”

“லேசா ஜலதோஷம்.”

“கல்யாணமாகி எத்தன வருஷம்?”

“அஞ்சு.”

“கொழந்தைங்க?”

அதுவரை பொய்கள் வரிசையில் நின்று ஒழுங்காக வந்தன. இங்கே ஒன்று தயங்கியது. “இல்லை.”

“ட்ரை பண்றீங்களா?”

“ஆமா,” என்றேன். அடுத்த பெண்ணின் படுக்கையறையைப் பற்றி நான் அளித்த முதல் வாக்குமூலம்.

“ஏப்ரல் பதினாலுன்னா எட்டு வாரமாச்சு. இப்ப ப்ளீடிங். மொதல்ல கர்ப்பமான்னு பாத்துருவோம். கிட் அனுப்பச் சொல்றேன், வீட்டுக்கே வந்துரும்.”

“அதுக்கு வாய்ப்பே இல்லைங்க டாக்டர்.”

“எல்லாரும் இப்படித்தாம்மா சொல்வாங்க,” என்று சிரித்தார்.

வைக்கப் போகும்போது கேட்டேன். “ஒரு சந்தேகம். இதே மாதிரி… எல்லாம் நின்னு பல வருஷமான ஒருத்தவங்களுக்கு வந்தா?”

சிரிப்பு போய்விட்டது. “யாருக்கு?”

“தெரிஞ்சவங்க.”

“அவங்கள ஒடனே நேர்ல போய் டாக்டரப் பாக்கச் சொல்லுங்க. நின்னதுக்கப்புறம் ஒரு சொட்டு வந்தாலும் பாத்தே ஆகணும். கேன்சர் இல்லன்னு உறுதியாகுற வரைக்கும் விடக் கூடாது. நாளைக்கு, நாளன்னைக்குன்னு தள்ளிப்போட வேணாம். சொல்லிருவீங்களா?”

“சொல்லிர்றேன்.”

சொல்லிவிட்டேன். தெரிந்தவர் கேட்டுக்கொண்டார். பிறகு கீரை ஆய்ந்தார்.

ஜூன் 11, புதன்

எழுத வேண்டாம் என்றிருந்தேன்.

நாலு மணிக்கெல்லாம் நெல்லையப்பன் வந்துவிட்டான். ஒரு கையில் மைசூர்பாகுப் பெட்டி, இன்னொன்றில் மல்லிகை. அவன் பூ வாங்கி நான் பார்த்தது கல்யாணத்தன்று. அன்றும் வாங்கியவன் நான் அனுப்பிய ஆள். மருந்துக்காரர் கொடுத்துவிட்டுப் போன சின்ன உறை மேசைமேல் இருந்தது. அதைப் பார்த்ததும் அவன் முகம் இன்னும் மலர்ந்தது.

“சுபா! சுபா! எதுக்கு என்கிட்ட மறைச்ச? மெசேஜ் வந்துருச்சு. மீட்டிங்ல உக்காந்து அழுதுட்டேன் தெரியுமா?”

சுபா காதுக் கருவியைக் கழற்றியபடி வெளியே வந்தாள். “என்ன மெசேஜுங்க?”

அவன் படித்துக் காட்டினான். எட்டு வாரக் கர்ப்பமாக இருக்கலாம். லேசான இரத்தப்போக்கு. பரிசோதனை தேவை. பதினோரு நிமிடம் பேச்சு.

“நான் யாருகிட்டயும் பேசலீங்களே.”

“வெளையாடாத.”

“நெசமா பேசலைங்க. யாருதோ மாறி வந்துருக்கு.”

“நம்ம டேப்ல இருந்து பேசியிருக்கு சுபா. நேத்து காலைல. நீ வீட்லதான இருந்த?”

“பேசலைன்னா பேசலைங்க.”

“அப்ப பேய் பேசுச்சா?”

சுபா மேசையைப் பார்த்தாள். உறையைப் பார்த்தாள். பிறகு அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தாள். நான் ரவையைப் பார்த்தேன். ரவை கருகுவதற்கு நெடுநேரம் ஆகாது. ஒரு கணமும் கண்ணை எடுக்கக் கூடாது.

“சரிங்க,” என்றாள். “நான்தான் பேசினேன்.”

உறையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். திரும்பி வந்து, “இல்லீங்க,” என்றாள். அவன் மல்லிகையை மேசைமேல் வைத்தான். பிறகு மெதுவாக, “ரத்தம் வந்துச்சுன்னு சொல்லிருக்கியே. அப்ப… போயிருச்சா?” என்றான்.

“ஆமாங்க,” என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. பொய் சொல்லக் கூடாது என்று வீட்டில் சொல்லி வளர்க்கவில்லை போலும்.

உப்புமா நன்றாக வந்தது. யாரும் சாப்பிடவில்லை. மைசூர்பாகுப் பெட்டியைக் குளிர்பெட்டிக்குள், தோசைமாவுக்குப் பின்னால் வைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

செயலிக்கு யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. காலை காபி வேளையில் கூடத்து டேப்லட் மணியடித்து அறிவித்தது: “அன்புள்ள சுபாஷிணி, இந்த வாரம் உங்கள் குழந்தை ஒரு நெல்லிக்காய் அளவு!” பக்கத்தில் நெல்லிக்காய்க்குக் கண்ணும் வாயும் வைத்த படம். சிரித்துக்கொண்டிருந்தது.

நெல்லையப்பன் அதை நிறுத்தப் பார்த்தான். நிறுத்த வேண்டுமானால் காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. பிரசவம் முடிந்தது, தவறுதலாகப் பதிந்தது, இழப்பு. அவன் விரல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. நடுவில் இருப்பதை அழுத்து என்று சொல்ல என் வாய்க்கு வந்தது. வாயில் காபி இருந்தது.

அவன் மூன்றாவதை அழுத்தினான். உடனே புல்லாங்குழல் இசை. “உங்கள் துயரில் நாங்களும் பங்குகொள்கிறோம். இதற்கான ஆலோசகர் உங்களைத் தொடர்புகொள்வார்.” அவன் டேப்லட்டைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். படிக்கட்டு வரை போய்ச் சொல்லியிருக்கலாம், பொத்தானையாவது.

இன்று அதிகம்.

ஜூன் 14, சனி

கரூரிலிருந்து சம்பந்தியம்மா வள்ளிநாயகி போன். புதன்கிழமை காரில் வரும்போதே மாப்பிள்ளை அவருக்குச் செய்தியைச் சொல்லிவிட்டாராம். மறுநாள் காலை, இல்லை என்றும் சொல்லிவிட்டாராம்.

“ஏனுங்க சம்பந்தி, இப்படி ஆகிப்போச்சே. புள்ள எதாச்சும் வெயிட்டக் கியிட்டத் தூக்கிட்டாளா? உங்களயக் கேட்டுச் செய்யோணும்னு எத்தன தடவ சொல்லிருப்பேன். எம்பட பொண்ணு மேலதான் தப்புங்க. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க.”

மன்னிப்புக் கேட்கிறார். என்னிடம்.

“கடவுள் விட்ட வழி,” என்றேன்.

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். ஐம்பது வருடமாகத் தமிழில் படிக்கிறவளுக்கு அந்த நேரத்தில் கிடைத்த வாக்கியம் அதுதான். கடவுளுக்கும் இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவரையும் இழுத்துவிட்டேன்.

அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்து, “செரி, அதெல்லாம் எதுக்குங்க இப்ப,” என்று வைத்துவிட்டார்.

அலமாரியில் மறுபடி ஒரு புதிய பாக்கெட்.

ஜூன் 17, செவ்வாய்

செயலியின் ஆலோசகர் சுபாவை அழைத்தார். டேப்லட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் கூடத்தைப் பெருக்கினேன். ஏற்கெனவே பெருக்கிய கூடம். கதவருகே வந்தபோது குரல் கேட்டது. அழவில்லை. “அறுபத்தொண்ணுங்க,” என்றாள். “ஆமாங்க… ஒரு மாசமாவது இருக்கும். தெரியலீங்க, சொல்ல மாட்டீங்கறாங்க.” நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டேன். ஒட்டுக்கேட்பது என் பழக்கமல்ல.

மத்தியானம் அருகில் வந்து உட்கார்ந்தாள். நான் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

“அத்தை, நாளன்னைக்கு எனக்கு ஆஸ்பத்திரில ஸ்கேன். கூட வர்றீங்களா?”

“உனக்கா?”

“எம்பேருலதான் போட்டுருக்கேன்.”

அவளும் ஒரு கைப் பயறை எடுத்துப் பொறுக்கினாள். கல் எதுவும் இல்லை. கடையில் சுத்தம் செய்தே வருகிற பயறு.

“அன்னைக்கு அவருகிட்ட இல்லைன்னு எத்தன தடவ சொன்னேன், நம்பலீங்க அத்தை. ஆமான்னு ஒருக்கா சொன்னேன், ஒடனே நம்பிட்டாரு.”

நான் என்ன சொன்னேன் என்று வாசகர் எதிர்பார்க்கலாம், நாட்குறிப்புக்கு வாசகர் இருந்தால். “பயறு ஊறப்போடணும்,” என்றேன்.

அவள் எழுந்தாள். வாசல் வரை போய்த் திரும்பி, கோபமில்லாமல், “வரீங்கதானுங்களே?” என்றாள். தலையாட்டினேன்.

ஜூன் 19, வியாழன்

நெல்லையப்பன் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தான். காரை அவன்தான் ஓட்டினான். பின்னிருக்கையில் சுபாவும் நானும். அவள் மடியில் தண்ணீர்ப் பாட்டில். காலையிலிருந்து என்னையும் தண்ணீர் குடிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஸ்கேனுக்கு முன் குடிக்க வேண்டுமாம். அவளுக்கு ஸ்கேன்; எனக்கு எதற்குத் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை, அவள் சொல்லவுமில்லை. இருவரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நான் ஒரு லிட்டர் குடித்தேன்.

மகளிர் பிரிவில் நாற்காலிகள் முழுக்க ஆள். வயிறு தள்ளிய பெண்கள், அவர்களைவிடக் களைத்த கணவன்மார்கள். எனக்கு எதிரே மாட்டியிருந்த படத்தில் ஒரு தாயும் குழந்தையும். என் வயதில் ஒருத்தியின் படம் எலும்புப் பிரிவில் இருந்ததை வரும்போது பார்த்தேன்.

செவிலி ஒரு பெண், கையில் அட்டையோடு வந்து உரக்கக் கூப்பிட்டாள். “சுபாஷிணி நெல்லையப்பன்! யாரு சுபாஷிணி?”

சுபா எழுந்தாள்.

என்னைப் பார்க்கவில்லை. அதுதான் விஷயம். பார்த்திருந்தால் நான் வழக்கம்போல எதையாவது பார்த்திருப்பேன். அவள் பையைக் கணவனிடம் கொடுத்தாள், துப்பட்டாவைச் சரி செய்தாள், செவிலியைப் பார்த்து நடந்தாள். நான் எழாவிட்டால் அவளே உள்ளே போய்ப் படுத்திருப்பாள். இல்லாத குழந்தை எப்படிப் போயிற்று என்று அவளுடைய வயிற்றில் தேடியிருப்பார்கள். அறிக்கையில் ஒன்றுமில்லை என்று வரும். அந்த ஒன்றுமில்லை அவள் பெயரிலேயே இருந்திருக்கும், எப்போதைக்கும்.

“இரும்மா,” என்றேன். “அவ இல்ல.”

செவிலி நின்றாள். “நீங்க யாரு?”

“நாந்தான் பேஷண்டு.”

“ஒங்க பேரு சுபாஷிணியா?”

“செண்பகவல்லி.”

“இதுல சுபாஷிணின்னுல்ல இருக்கு? வயசு முப்பத்தொண்ணுன்னு இருக்கு!” எங்கேயோ ஒருவர் சிரித்தார்.

நெல்லையப்பன் இரண்டு பைகளோடு எழுந்து வந்தான். “எம்மா, நீ உக்காரு. ஒனக்கென்ன? அவளுக்குத்தான…”

“அவளுக்கு ஒண்ணுமில்லய்யா. அவளுக்கு எப்பவும் ஒண்ணும் இல்ல. டேப்ல பேசுனது நானு. அவ பேரச் சொல்லிப் பேசுனேன்.”

“எதுக்கும்மா?”

சொற்கள் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் அட்டவணைப்படுத்தியவள் நான். மருத்துவச் சொல் ஒன்று, மரியாதையான சொல் இரண்டு, கிராமத்துச் சொல் நான்கைந்து. எதுவும் அகப்படவில்லை.

“ரத்தம் போவுதுய்யா,” என்றேன். “எனக்கு. ஒரு மாசத்துக்கு மேல ஆவுது.”

மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். வரவேற்பு மேசை வரை தலைகள் திரும்பின. ஒரு கர்ப்பிணிப் பெண் எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தாள். என் மகன் முகம் வெளிறியது. பிறகு வேறு ஏதோ நினைவு வந்து சிவந்தது. அவன் திரும்பி சுபாவைப் பார்த்தான். புல்லாங்குழல் ஞாபகம் வந்திருக்கும்.

“நீ ஏன் சுபா ஆமான்னு சொன்ன?”

“அத்தை சொல்லுவாங்கன்னு இருந்தேனுங்க,” என்றாள். குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. பேருந்து வரும் என்று நிற்பவர்கள் சொல்வதுபோல் சொன்னாள்.

செவிலிக்குப் பொறுமையில்லை. “சரிங்கம்மா, பேர மாத்தி எழுதிக்கறேன். தண்ணி குடிச்சிருக்கீங்களா?”

“குடிச்சிருக்காங்க,” என்றாள் சுபா. “ஒரு லிட்டர்.”

உள்ளே நடந்ததை எழுதப் போவதில்லை. ஸ்கேன் எடுத்தார்கள், கருப்பைச் சுவர் தடித்திருக்கிறதாம், துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். சுபா முழு நேரமும் கூட நின்றாள். நான் கூரையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

ஜூன் 20, வெள்ளி

நெல்லையப்பன் காலையில் என் அறைக்கு வந்தான். “என்கிட்டச் சொல்லிருக்கலாம்லம்மா?”

“ஒங்கிட்ட எப்படிய்யா சொல்லுவேன்?”

“டாக்டர்கிட்ட மறைக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?”

“நீ டாக்டரா?”

என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போர்வையை மடித்தான். பிறகு அடுக்களைக்குப் போய் சுபாவிடம் மெதுவாக ஏதோ சொன்னான். அவள் பதில் சொல்ல வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். இந்த முறை ஒட்டுக்கேட்கவில்லை. மிக்சியை ஓடவிட்டார்கள்.

மத்தியானம் சுபாவிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒத்திகை பார்த்திருந்த வாக்கியம் பாதியில் உடைந்துவிட்டது. அவள் நின்று கேட்டாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. “எங்கம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க அத்தை. அது எந்தலைமேல நிக்குது,” என்றாள்.

நியாயம்.

ஜூன் 21, சனி

கரூருக்குப் போன் செய்ய வேண்டும். சம்பந்தியம்மாவுக்குச் சனிக்கிழமை விரதம். விரத நாளில் ஒருவரைச் சங்கடப்படுத்தக் கூடாது.

ஜூன் 22, ஞாயிறு

ஞாயிறு அவர்களுக்கு விருந்தாள் வரும் நாள்.

ஜூன் 25, புதன்

அமாவாசை. இப்படிப்பட்டதைப் பேச ஆகாது. சாமி கும்பிடுகிறவள் இல்லை நான். அமாவாசையில் மட்டும் திடீர் நம்பிக்கை.

ஜூன் 27, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. புற்றுநோய் இல்லை. விட்டால் அதுவாக மாறக்கூடிய நிலை. கருப்பையை எடுத்துவிட வேண்டும். ஜூலையில் அறுவை சிகிச்சை. “நல்ல நேரத்துல வந்தீங்கம்மா,” என்றார் மருத்துவர். நான் வரவில்லை. கொண்டுவரப்பட்டேன். திருத்தலாம் என்று பார்த்தேன். அவருக்கு வெளியே கூட்டம்.

வீட்டுக்கு வந்ததும் என் துணிகளை மெஷினில், அவர்கள் துணிகளோடு போட்டேன். சுபா பார்த்தாள். சோப்புத்தூளை இன்னொரு கரண்டி போட்டாள்.

ஜூன் 29, ஞாயிறு

இன்று விருந்தாள் வந்தாலும் வரட்டும் என்று கரூருக்குப் போன் போட்டேன். சுபா எதிரே உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கினாள். போகச் சொல்லவில்லை, அவளும் போகவில்லை.

“சம்பந்தி, ஒங்க மகளுக்கு ஒண்ணும் ஆகல. குழந்தை உண்டாகவும் இல்ல, போகவும் இல்ல. அது நான் செஞ்ச வேலை.” முழுவதையும் சொன்னேன். வெட்கத்தில் குரல் நூலகத்தில் பேசுவதுபோல் தாழ்ந்துவிட்டது. அவர் இரண்டு தடவை “கேக்கலீங்களே” என்றார். இரண்டு தடவையும் உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. கடவுள் விட்ட வழி என்று சொன்னதையும் திரும்பப் பெற்றுக்கொண்டேன். “அவ மேல எந்தத் தப்பும் இல்ல. என் மானத்தைக் காப்பாத்துறதுக்காக அவ பழி சுமந்தா.”

திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

“எம்புள்ளைய நானே பேசிட்டேனுங்களே,” என்றார் கடைசியில். “வெயிட்டத் தூக்கினியான்னு எத்தன ஏச்சு ஏசினேன்.” மூக்கை உறிஞ்சும் சத்தம். “செரி, உங்களுக்கு இப்ப எப்படிங்க இருக்குது?”

“எடுத்துரணும்னு சொல்லிட்டாங்க.”

“நேர்ல போனா… நெம்பக் கேள்வி கேக்கறாங்களா?”

“கேக்குறாங்க.”

“ஆம்பள டாக்டரா?”

“பொம்பளதான்.”

தொலைவில் அவர்கள் வீட்டில் குக்கர் விசில். பிறகு ரொம்பச் சாதாரணமாக, பால் விலையைச் சொல்வதுபோல் சொன்னார். “எனக்கும் அப்படித்தானுங்க இருக்குது. பொங்கலுக்கு முன்னாடி இருந்து. யாருகிட்டன்னு சொல்றது, சொல்லுங்க? மவன் இருக்கறான், மருமவன் இருக்கறாரு, எல்லாரும் படிச்சவிய.”

சுபாவின் கத்தி நின்றது. போனை அவளிடம் நீட்டினேன். வாங்கினாள், “அம்மா,” என்றாள்.

பிறகு எழுந்துபோய் டேப்லட்டைக் கொண்டுவந்து கொத்தவரங்காய்த் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். நான்கு வட்டங்கள். நான்காவதில் கூட்டல் குறி. நான் அவளைப் பார்த்தேன். இந்த முறை அவள்தான் வேறெங்கோ பார்த்தாள்.

“அது காலியாத்தானுங்களே அத்தை இருக்குது,” என்றாள். “இப்போதைக்கு எங்கம்மா உக்காரட்டும்.”

அவள் சொல்லச் சொல்ல நான் நிரப்பினேன். பெயர் வள்ளிநாயகி. ஊர் கரூர். வயது ஐம்பத்தேழு. ஐம்பத்தேழு என்றதும் 'பெண்கள் நலம்' இளஞ்சிவப்பில் எட்டிப் பார்த்தது. இன்னும் மூன்று வருடம் அவர் பெண்.

முதல் கேள்வி: கடைசி மாதவிடாய் எந்தத் தேதி? சிவப்பு நட்சத்திரம். நாட்காட்டி வழக்கம்போல ஓராண்டோடு நின்றுகொண்டது.

அதை மூடி வைத்துவிட்டு, போனை வாங்கி, “சம்பந்தி, நாளைக்குக் காலைல பஸ் ஏறிருங்க,” என்றேன்.